திரைவாசிப்பானோடு ஒலித்தொகுப்பு: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

ஒலித்தொகுப்பு மென்பொருளைத் திரைவாசிப்பானோடு (திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்) பயன்படுத்தும்போது தோன்றும் சிக்கல்களில் பெரும்பாலானவை மென்பொருள் பழுதுபட்டதால் வருபவை அல்ல. விசைப்பலகையின் குவியம் (அழுத்தும் விசை போய்ச் சேரும் இடம்) எங்கே நிற்கிறது, ஒலியின் எந்தப் பகுதி தெரிவாகியிருக்கிறது, ஒலி எந்தச் சாதனத்தின் வழியாக உள்ளே வந்து எதன் வழியாக வெளியே போகிறது என்ற மூன்றில் ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் போவதே காரணம். திரையைப் பார்ப்பவருக்கு இந்த மூன்றும் கேட்காமலே கிடைத்துவிடுகின்றன. நாம் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பெற வேண்டும். ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும், எதையும் மாற்றுவதற்கு முன் இந்த மூன்றையும் வரிசையாகச் சோதித்துவிடுங்கள். அமைப்புகளைக் கண்டபடி மாற்றத் தொடங்கினால் ஒரு பிழை மூன்று பிழைகளாகப் பெருகிவிடும்.

இங்குள்ள வழிமுறைகள் விண்டோஸ் கணினியில் ஆடாசிட்டி மென்பொருளையும் என்விடிஏ திரைவாசிப்பானையும் முன்னிறுத்தி எழுதப்பட்டவை. ஜாஸ் திரைவாசிப்பான், ரீப்பர் ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆகியவை வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

ஸ்பேஸ் விசை ஒலியை இயக்கவில்லை. அம்புக்குறிகள் தடம் மாறாமல் வேறு எதையோ மாற்றுகின்றன

குவியம் தடங்களின் மீது இல்லை என்பதே இதற்குப் பொருள். ஆடாசிட்டியின் சாளரத்தில் கருவிப்பட்டைகள், தடங்கள் இருக்கும் பகுதி, தெரிவின் நேரம் காட்டும் பட்டை எனப் பல பகுதிகள் உண்டு. நேரப் பெட்டியில் குவியம் நிற்கும்போது மேல் அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த தடத்திற்குப் போகாமல் நேரத்தின் ஓர் இலக்கம் கூடிவிடும். அதாவது நீங்கள் அரும்பாடுபட்டு வைத்த தெரிவின் எல்லை நகர்ந்துவிடும். என்விடிஏ விசையுடன் (இயல்பாக இன்சர்ட்) டேப்பை அழுத்தினால் குவியம் இருக்கும் இடம் வாசிக்கப்படும். ஜாஸில் இன்சர்ட்டுடன் டேப். தடத்தின் பெயர் கேட்கும்வரை கண்ட்ரோல்+எஃப்6 அழுத்திக்கொண்டே போங்கள். ஒவ்வோர் உரையாடல் பெட்டியும் மூடிய பிறகு இதை ஒரு முறை செய்து பார்ப்பது நல்ல பழக்கம்.

விசையை அழுத்தினால் அதன் பெயர் மட்டும் கேட்கிறது, எதுவும் நடக்கவில்லை என்றால் விசை உதவி நிலை இயங்கிக்கொண்டிருக்கிறது. என்விடிஏவில் என்விடிஏ+1 அதை நிறுத்தும். ரீப்பரில் ஒசாரா (ரீப்பரில் நடப்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் நீட்சி) நிறுவியிருந்தால் அதற்கும் இதே போன்ற உதவி நிலை ஒன்று உண்டு. எஃப்12 அதை இயக்கவும் நிறுத்தவும் செய்யும். ரீப்பரில் தடங்களுக்கிடையே நகரும்போது எதுவுமே வாசிக்கப்படவில்லை என்றால் ஒசாரா நிறுவப்படவில்லை, அல்லது நீங்கள் திறந்திருக்கும் ரீப்பரில் அல்லாமல் வேறொரு நகலில் நிறுவப்பட்டிருக்கிறது. ஒசாரா இல்லாத ரீப்பரைத் திரைவாசிப்பானோடு பயன்படுத்த முயல்வது வீண் உழைப்பு. முதலில் அதை நிறுவிவிடுங்கள்.

கையேட்டில் சொல்லப்பட்ட குறுக்குவிசை வேலை செய்யவில்லை

ஆடாசிட்டியில் குறுக்குவிசைத் தொகுப்புகள் இரண்டு உள்ளன: ஸ்டாண்டர்ட், ஃபுல். முதலில் நிறுவும்போது கிடைப்பது ஸ்டாண்டர்ட். எல்லையைச் சுற்றிச் சிறு பகுதியை மட்டும் இயக்கிக் காட்டும் விசைகள், சாதனம் மாற்றும் விசைகள் என நமக்கு மிகவும் தேவைப்படும் பல விசைகள் அந்தத் தொகுப்பில் இல்லை. கண்ட்ரோல்+பி அழுத்தி விருப்பங்களைத் திறந்து, குறுக்குவிசைகளுக்கான பக்கத்தில் ஃபுல் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். நீங்களே முன்பு அமைத்த விசைகள் ஏதேனும் இருந்தால், அதே பக்கத்திலுள்ள ஏற்றுமதிப் பொத்தானால் அவற்றைக் கோப்பாகச் சேமித்த பிறகு மாற்றுங்கள். இல்லையேல் அவை போய்விடும்.

ஃபுல் தொகுப்பிலும் ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் திரைவாசிப்பானே அதைப் பிடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். என்விடிஏ+எஃப்2 அழுத்திய பின், அல்லது ஜாஸில் இன்சர்ட்+3 அழுத்திய பின், அடுத்து அழுத்தும் விசை நேராக மென்பொருளுக்குச் செல்லும்.

விளைவுகள் (எஃபெக்ட்) பட்டியலில் எல்லாமே கிடைக்காதவை என்று வாசிக்கப்படுகின்றன

ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதும் பதிவு நடக்கும்போதும் பெரும்பாலான தொகுப்புக் கட்டளைகள் முடங்கியிருக்கும். பழைய பதிப்புகளில் பி விசையால் இடைநிறுத்தம் செய்த நிலையிலும் அப்படியே. இங்கே காதை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் இடைநிறுத்தமும் முழு நிறுத்தமும் ஒரே மௌனமாகத்தான் கேட்கும். ஸ்பேஸை ஒரு முறை அழுத்தி முழுவதுமாக நிறுத்திய பின் பட்டியலை மறுபடி திறந்து பாருங்கள். ஸ்பேஸ் அழுத்தியதும் ஒலி கேட்கத் தொடங்கினால் முன்பே நின்றுதான் இருந்தது. மீண்டும் அழுத்தி நிறுத்திவிட்டு, ஏதாவது தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெருக்கம் செய்யும் ஆம்ப்ளிஃபை விளைவில் மட்டும் இறுதிப் பொத்தான் முடங்கியிருந்தால் காரணம் வேறு: நீங்கள் கேட்கும் அளவுக்குக் கூட்டினால் ஒலியின் உச்சம், உடையாமல் இருக்கக்கூடிய மேல் வரம்பான 0 டெசிபலைத் தாண்டும். எண்ணைக் குறைத்தால் பொத்தான் உயிர்பெறும். உச்சம் நறுக்கப்படுவதை அனுமதிக்கும் பெட்டியைக் குறியிட்டாலும் பொத்தான் இயங்கும், ஆனால் பேச்சுப் பதிவில் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டு நொடியில் செய்ய நினைத்த மாற்றம் முழுப் பதிவிலும் நடந்துவிட்டது

முதலில் கண்ட்ரோல்+இசட். அதன் பிறகு குவியத்தையும் தெரிவையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். மேல், கீழ் அம்புக்குறிகள் குவியத்தை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்திற்கு நகர்த்துகின்றனவே தவிர, அந்தத் தடத்தைத் தெரிவு செய்வதில்லை. என்டர் விசைதான் குவியம் நிற்கும் தடத்தைத் தெரிவில் சேர்க்கிறது அல்லது நீக்குகிறது. தடத்தின் பெயரோடு அது தெரிவாகியிருக்கிறதா என்பதும் வாசிக்கப்படும். பேச்சு வேகத்தை மிகவும் கூட்டி வைத்திருப்பவர்கள் பெயரைக் கேட்டவுடனே அடுத்த விசைக்குப் போய்விடுவதால் அந்த இறுதிச் சொல்லைத் தவறவிடுகிறார்கள். ஐந்து தடங்கள் உள்ள திட்டத்தில் குவியம் மூன்றாவது தடத்தில் நிற்க, தெரிவு முதல் தடத்திலேயே கிடப்பது அன்றாடம் நடப்பது.

இன்னொரு காரணமும் உண்டு. எதுவும் தெரிவாகாத நிலையில் ஒரு விளைவைக் கேட்டால் எல்லா ஒலியையும் தானாகவே தெரிவு செய்துகொள்ளும் அமைப்பு ஒன்று விருப்பங்களில், தடங்களின் நடத்தைக்கான பக்கத்தில் இருக்கிறது. திரையைப் பார்க்காமல் வேலை செய்பவர் அதை நிறுத்தி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. தெரிவு இல்லை என்று மென்பொருள் எச்சரிப்பது, அது மௌனமாக முழுப் பதிவையும் மாற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

எல்லையைச் சரியான இடத்தில் வைக்க முடியவில்லை

இந்தச் சிக்கலுக்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வேண்டும்.

ஒலியைக் கேட்டுக்கொண்டே சரியான இடத்தில் நிறுத்துகிறீர்கள், ஆனால் அடுத்த முறை இயக்கும்போது பழைய இடத்திலிருந்தே தொடங்குகிறது என்றால், நிறுத்துவதற்கு ஸ்பேஸைப் பயன்படுத்துகிறீர்கள். ஸ்பேஸ் நிறுத்தினால் சுட்டி (ஒலியில் நாம் நிற்கும் இடத்தின் குறி) தொடங்கிய இடத்திலேயே இருக்கும். எக்ஸ் விசை நிறுத்தினால் சுட்டி நின்ற இடத்திற்கு வந்துவிடும்.

இடம், வலம் அம்புக்குறிகள் ஒரு நாள் நுட்பமாகவும் இன்னொரு நாள் பல நொடிகள் தாண்டியும் நகர்கின்றன என்றால், திரையில் அலைவடிவம் எவ்வளவு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்பதே காரணம். ஒலி நின்றிருக்கும்போது ஓர் அழுத்தம் சுட்டியைத் திரையின் ஒரு புள்ளி அளவுக்கு நகர்த்துகிறது. ஒரு மணி நேரப் பதிவு முழுவதும் சாளரத்துக்குள் அடங்கும்படி சுருக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு புள்ளிக்குள் சில நொடிகள் அடங்கிவிடும். கண்ணால் பார்க்காதவருக்கும் உருப்பெருக்கம் தேவைப்படும் இடம் இது. கண்ட்ரோல்+2 இயல்பான அளவுக்குக் கொண்டுவரும், கண்ட்ரோல்+1 பெரிதாக்கும், கண்ட்ரோல்+3 சுருக்கும். வேலை தொடங்கும்போதே கண்ட்ரோல்+2 அழுத்திவிட்டால் அம்புக்குறிகள் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் நகரும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகள் உருப்பெருக்கத்தைச் சாராமல் முன்னும் பின்னுமாக ஒரு நொடி நகர்த்தும். ஷிஃப்ட்டுடன் அழுத்தினால் 15 நொடி. தொலைவு நகர இவை, நுட்பமாக நகர அம்புக்குறிகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒலி ஓடும்போது சதுர அடைப்புக்குறி விசைகளால் இட எல்லையும் வல எல்லையும் வைத்தால் எப்போதும் சற்றுத் தள்ளியே விழுகிறது என்றால், உங்கள் ஹெட்போன் புளூடூத் வகையா என்று பாருங்கள். புளூடூத்தில் ஒலி காதை வந்தடையத் தாமதமாகிறது. சொல் முடிந்ததென்று நீங்கள் விசையை அழுத்தும் நேரத்தில் மென்பொருள் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். தொகுப்பு வேலைக்குக் கம்பியுள்ள ஹெட்போனே ஏற்றது. திரைவாசிப்பானின் முதல் அசைகள் விழுங்கப்படுவதும் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

எல்லை விழுந்த பிறகு அதைக் காதால் சரிபார்க்க வழிகள் இருக்கின்றன. ஷிஃப்ட்+எஃப்5 தெரிவின் தொடக்கத்துக்கு முன்னுள்ள சிறு பகுதியையும், ஷிஃப்ட்+எஃப்6 தொடக்கத்துக்குப் பின்னுள்ளதையும், ஷிஃப்ட்+எஃப்7 முடிவுக்கு முன்னுள்ளதையும், ஷிஃப்ட்+எஃப்8 முடிவுக்குப் பின்னுள்ளதையும் இயக்கும். சி விசை, தெரிவு வெட்டப்பட்டால் எப்படிக் கேட்கும் என்பதை வெட்டாமலே கேட்கச் செய்யும். எல்லையை நகர்த்த ஷிஃப்ட்டுடன் இடம், வலம் அம்புக்குறிகள் தெரிவை அந்தந்தப் பக்கம் விரிக்கும்; கண்ட்ரோல்+ஷிஃப்ட்டுடன் சேர்த்தால் சுருக்கும். நேரம் துல்லியமாகத் தெரிந்திருந்தால், ஒலி நின்றிருக்கும்போது சதுர அடைப்புக்குறியை அழுத்தி, திறக்கும் பெட்டியில் நேரத்தையே உள்ளிடலாம். இந்த விசைகள் கைவசப்பட்டுவிட்டால், அலைவடிவத்தைப் பார்த்து வெட்டுபவருக்கு இணையான துல்லியத்தைக் காதால் எட்ட முடியும். பேச்சின் மூச்சொலியையும் சொல்லின் ஈற்றொலியையும் பிரிப்பதில் காது பல நேரம் அலைவடிவத்தை விஞ்சவும் செய்யும்.

வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்ற ஒலி கேட்கிறது

ஒலி அலை சுழியை (பூஜ்ஜிய அளவை) கடக்காத புள்ளியில் வெட்டு விழுந்திருக்கிறது. வெட்டியதைக் கண்ட்ரோல்+இசட்டால் மீட்டெடுத்து, இசட் விசையை அழுத்துங்கள். தெரிவின் எல்லைகள் அருகிலுள்ள சுழிக்கடப்புக்கு நகரும். பிறகு வெட்டுங்கள். பின்னணியில் இசையோ தொடர்ந்த இரைச்சலோ இருக்கும் பதிவில் இது மட்டும் போதாது. இரண்டு துண்டுகளின் சந்திப்பை ஒன்றுக்குள் ஒன்று மங்கச் செய்யும் விளைவைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

வெட்டிய பிறகு பேச்சும் இசையும் ஒத்துப்போகவில்லை

ஒரு தடத்தில் மட்டும் நீக்கியிருக்கிறீர்கள். அந்தத் தடத்தின் பின்பகுதி முன்னால் நகர்ந்துவிட்டது. இரண்டு தடங்களிலும் சேர்ந்தே நீக்க வேண்டுமானால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+கே தெரிவை எல்லாத் தடங்களுக்கும் விரிக்கும். நேரம் மாறாமல் பேச்சை மட்டும் மறைக்க வேண்டுமானால் கண்ட்ரோல்+எல் அந்த இடத்தை மௌனமாக்கும்.

பதிவுக்குள் திரைவாசிப்பானின் குரல் விழுந்திருக்கிறது

குரல் எப்படிக் கேட்கிறது என்பதைக் கொண்டு வழியைக் கண்டறியலாம். தொலைவிலிருந்து, அறையின் எதிரொலியோடு கேட்டால் ஒலிபெருக்கியிலிருந்தோ ஹெட்போனின் விளிம்பிலிருந்தோ ஒலிவாங்கிக்குள் கசிந்திருக்கிறது. மூடிய வகை ஹெட்போனைப் பயன்படுத்துவதும் திரைவாசிப்பானின் ஒலியளவைக் குறைப்பதும் இதற்குத் தீர்வு. மாறாக, குரல் தெளிவாக, உங்கள் குரலைவிட நெருக்கமாகக் கேட்டால் அது கணினிக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. பதிவுச் சாதனமாக ஸ்டீரியோ மிக்ஸோ, விண்டோஸ் வாசாபி என்ற ஒலி முறையில் பெயரின் இறுதியில் லூப்பேக் என்று வரும் சாதனமோ தேர்வாகியிருக்கும். இவை கணினி வெளியிடும் ஒலி முழுவதையும் பதிவு செய்பவை. ஃபுல் தொகுப்பில் ஷிஃப்ட்+ஐ பதிவுச் சாதனத்தையும், ஷிஃப்ட்+எச் ஒலி முறையையும் மாற்றும். உங்கள் ஒலிவாங்கியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

கணினி ஒலியையே பதிவு செய்வது உங்கள் நோக்கமானால், திரைவாசிப்பானை வேறொரு ஒலிச் சாதனத்துக்கு அனுப்புவதே நிலையான தீர்வு. என்விடிஏவின் அமைப்புகளில் வெளியீட்டுச் சாதனத்தை மாற்றலாம். இரண்டாவது சாதனம் இல்லாதவர்கள் என்விடிஏ+எஸ் விசையால் பேச்சு நிலையை மாற்றலாம். 2024.1 பதிப்பில் சேர்ந்த ஆன்-டிமாண்ட் நிலையில், சாளரத்தின் தலைப்பை வாசிக்கச் சொல்வது போல நீங்கள் வெளிப்படையாகக் கேட்டால் மட்டுமே என்விடிஏ பேசும். பதிவு செய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நிலை வேறில்லை.

இரைச்சலை நீக்கிய பிறகு குரல் தண்ணீருக்கடியில் பேசுவது போலக் கேட்பதும் பல நேரம் இதே கசிவின் விளைவு. நாய்ஸ் ரிடக்‌ஷன் முதலில் இரைச்சலின் மாதிரியை எடுத்துக்கொள்கிறது. அந்த மாதிரிக்காகத் தெரிவு செய்த இடத்தில் திரைவாசிப்பானின் ஒரு சொல்லோ உங்கள் மூச்சோ இருந்தாலும், அதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு குரலிலிருந்து நீக்க முயலும். பதிவைத் தொடங்கியதும் சில நொடிகள் பேசாமல், விசைகளைத் தொடாமல் இருங்கள். அந்த மௌனத்தை மாதிரிக்குப் பயன்படுத்துவதற்கு முன், அதை ஒலியளவு கூட்டி ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பதிவு நடந்தது, ஆனால் ஒலியே இல்லை. அல்லது குரல் உடைந்து கேட்கிறது

முழு மௌனமானால் விண்டோஸின் தனியுரிமை அமைப்புகளில் டெஸ்க்டாப் செயலிகள் ஒலிவாங்கியை அணுக அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாதபோது ஆடாசிட்டி பிழை எதுவும் சொல்லாமல் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டே போகக்கூடும்.

ஒலியளவு சரியா என்பதை அளவுகோலின் நிறத்தைப் பார்க்காமல் அறிய ஓர் எளிய வழி உண்டு. சில நொடிகள் இயல்பாகப் பேசிப் பதிவு செய்து, முழுவதையும் தெரிவு செய்து, ஆம்ப்ளிஃபை விளைவைத் திறங்கள். அதன் பெட்டியில் தானாக நிரம்பியிருக்கும் எண், உச்சத்தை 0 டெசிபலுக்குக் கொண்டுபோக எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதாகும். எண் 6 என்று வாசிக்கப்பட்டால் உங்கள் உச்சம் மைனஸ் 6 டெசிபலில் இருக்கிறது, அது நல்ல அளவு. 20க்கு மேல் போனால் ஒலிவாங்கியின் அளவைக் கூட்டுங்கள். 0 அல்லது அதை ஒட்டி இருந்தால் குறைத்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். எண்ணைக் கேட்ட பின் எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடலாம். ஏற்கெனவே முடிந்த நீண்ட பதிவில் உடைந்த இடங்களைத் தேட, பகுப்பாய்வுப் பட்டியலிலுள்ள ஃபைண்ட் கிளிப்பிங் அந்தந்த இடங்களில் குறிச்சீட்டு வைக்கும். ஆல்ட்டுடன் இடம், வலம் அம்புக்குறிகளால் ஒவ்வொரு குறிச்சீட்டுக்கும் செல்லலாம்.

கேட்கும் ஒலி தானாகவே ஏறி இறங்குகிறது. அல்லது ஒரு காதில் மட்டும் கேட்கிறது

இரண்டுமே பெரும்பாலும் பதிவின் குறையல்ல, கேட்கும் வழியின் குறை. இதை அறியாமல் பதிவைச் சரிசெய்யத் தொடங்கினால் நல்ல பதிவு கெட்டுப்போகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். திரைவாசிப்பான் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் வசதி இயங்கினால் ஒலி ஏறி இறங்கும். என்விடிஏ+ஷிஃப்ட்+டி அதன் நிலைகளை மாற்றும், தாழ்த்தாத நிலையைத் தேர்ந்தெடுங்கள். இணைய அழைப்பு எதுவும் திறந்திருந்தால் விண்டோஸும் தன் பங்குக்கு மற்ற ஒலிகளைக் குறைக்கும்.

ஒரு காதில் மட்டும் கேட்டால் என்விடிஏ+ஆல்ட்+எஸ் அழுத்திப் பாருங்கள். 2024.2 பதிப்பில் வந்த இந்த வசதி என்விடிஏவின் குரலை ஒரு காதுக்கும் மற்றச் செயலிகளின் ஒலியை மறு காதுக்கும் பிரித்து அனுப்புகிறது. வெட்டும் வேலைக்கு இது மிகவும் உதவும், ஆனால் இடவலச் சமநிலையைத் தீர்மானிக்கும்போது கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். ஒலி திடீரென்று தொலைபேசித் தரத்துக்கு இறங்கினால், புளூடூத் ஹெட்போனின் ஒலிவாங்கி பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. பதிவுச் சாதனத்தை மாற்றினால் தரம் திரும்பிவிடும்.

மென்பொருள் திறந்ததும் திரைவாசிப்பான் ஊமையாகிவிடுகிறது

ஏஎஸ்ஐஓ இயக்கியோ (ஒலிச் சாதனத்தை நேரடியாகக் கையாளும் மென்பொருள்), சாதனத்தை மற்றச் செயலிகளோடு பகிராத முறையில் இயங்கும் செயலியோ ஒலிச் சாதனத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டால் திரைவாசிப்பானுக்கு வழி இருக்காது. ஆல்ட்+எஃப்4 அழுத்திச் செயலியை மூடுங்கள். சேமிக்கவா என்ற கேள்வி மௌனமாகக் காத்திருக்கலாம் என்பதால் அவசரப்பட்டு விசைகளை அழுத்தாதீர்கள். குரல் திரும்பிய பின், திரைவாசிப்பானைக் கணினியின் உள்ளமைந்த ஒலி அட்டைக்கும், தொகுப்பு மென்பொருளை வெளிப்புற ஒலி இடைமுகத்துக்கும் ஒதுக்குங்கள். ஒரே ஒரு செயலியில் மட்டும், ஒலி சீராக ஓடும்போதே என்விடிஏ பேசவில்லை என்றால் அந்தச் செயலிக்கு உறக்க நிலை இயங்கியிருக்கும். மேசைக்கணினி விசையமைப்பில் என்விடிஏ+ஷிஃப்ட்+எஸ் அதை எழுப்பும். நீண்ட பதிவில் ஒரு விளைவு நடக்கும்போது மட்டும் அமைதி நிலவினால், அது முடங்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கிறது; என்விடிஏ+யு முன்னேற்றத்தை எப்படி அறிவிப்பது என்பதை மாற்றும்.

விளைவின் சாளரம் திறக்கிறது, உள்ளே எதுவும் வாசிக்கப்படவில்லை

விஎஸ்டி விளைவுகள் (தனியே நிறுவிச் சேர்க்கும் விளைவுகள்) பலவற்றின் சாளரம் வெறும் படமாக வரையப்பட்டிருக்கும். பெயருள்ள கட்டுப்பாடுகள் இல்லாததால் திரைவாசிப்பானுக்குப் படிக்க எதுவும் இருக்காது. ஆடாசிட்டியில் அந்த விளைவின் சாளரத்திலுள்ள பட்டியலிலிருந்து அமைப்புகளுக்குச் சென்று வரைகலை இடைமுகத்தை நீக்கிவிட்டு, சாளரத்தை மூடித் திறந்தால், சாதாரண நகர்த்திகளின் வரிசை கிடைக்கும். ரீப்பரில் ஒசாரா அளவுருக்களைத் தனிப் பட்டியலாகத் தருகிறது, அதுவே மிகவும் வசதியானது. அளவுருக்களுக்கே விளைவு பெயர் சூட்டாமல் வெறும் எண்களை மட்டும் காட்டினால், அந்த விளைவை விட்டுவிட்டு மென்பொருளோடு வரும் விளைவுகளைப் பயன்படுத்துங்கள். பேச்சுப் பதிவுக்கு அவை போதும். நிறுவும்போது உரிம எண் கேட்கும் படச் சாளரம் போன்ற ஒருமுறைத் தேவைகளுக்கு மட்டும் என்விடிஏ+ஆர் தரும் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் வசதி) கைகொடுக்கும்.

சேமித்த கோப்பை மற்றவர்களால் திறக்க முடியவில்லை

கண்ட்ரோல்+எஸ் சேமிப்பது ஆடாசிட்டியின் திட்டக் கோப்பு. 2021இல் வந்த 3.0 பதிப்பு முதல் அதன் நீட்சி ஏயுபி3. அதை வேறு ஒலிப்பான்கள் இயக்காது. மற்றவர்களுக்கு அனுப்ப கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஈ அழுத்தி எம்பி3 அல்லது வேவ் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். அதில் ஒரு தடம் மட்டும் விடுபட்டிருந்தால் அது ஒலியடக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடத்தில் குவியத்தை வைத்து ஷிஃப்ட்+யு அழுத்திவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.